மூலையை விட்டு வெளியே வந்த அடுப்பு

நரேன் பாபு மூங்கில் தட்டிச் சுவரில் இருந்த பழுப்புத் திட்டை ஒரு விரலால் தொட்டார். தொட்ட இடம் பொடியாகி உதிர்ந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். பிறகு அந்த விரலைச் சுலோசனாவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இது என்ன, இட்லி தீதி? சொல்லு. இது என்ன?"

"தட்டி கொஞ்சம் கருகியிருக்கு, தாதா."

"தட்டி இல்ல. இது என் அப்பா கட்டின வீடு."

எப்போதும் 'ஆப்னி' போட்டு மரியாதையாகப் பேசுகிற, அவள் அண்ணன் முறையில் 'தாதா' என்று அழைக்கும் வீட்டுக்காரர் அன்றைக்கு 'துமி'க்கு இறங்கியிருந்தார். அவருடைய வங்காளப் பேச்சில் இருந்த நடுக்கம் கோபத்தால் மட்டும் வந்ததல்ல என்பது சுலோசனாவுக்குப் புரிந்தது. டாலிகஞ்சில் வங்காள சினிமா ஸ்டுடியோக்களுக்குப் பின்னால் இருக்கும் அந்தக் காலனியில் ஒரு வீட்டின் மூங்கில் அடுத்த வீட்டின் மூங்கிலைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கும். ஒன்று பற்றினால் பதினெட்டு வீடும் போகும். அவருடைய பயத்தில் தப்பே இல்லை.

ஆனால் அவர் சொன்ன தீர்ப்பு?

"மாசக் கடைசி வரைக்கும் டைம் தரேன். அடுப்பை எடு. இல்லேன்னா கொட்டகையைக் காலி பண்ணு."

"அடுப்பை எடுத்துட்டு நான் எதுல சமைக்கிறது? சிலிண்டருக்குக் கையெழுத்துக் கேட்டா, வீட்டு மேல தம்பிங்களோட வழக்கு நடக்குது, போட முடியாதுங்கறீங்க. விறகும் கூடாதுங்கறீங்க. வெயில்ல வச்சு இட்லி வேக வைக்கட்டுமா?"

நரேன் பாபு குல்லாயைக் காது வரை இழுத்து விட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சுலோசனாவுக்கு ஐம்பத்தொரு வயது. அந்தப் பெயர் அவளுக்கு இருக்கிறது என்பதே அந்தப் பகுதியில் பலருக்கு மறந்துவிட்டது. லைட்மேன்களுக்கும், செட் போடும் தச்சர்களுக்கும், ஒப்பனை அறைப் பெண்களுக்கும் அவள் இட்லி தீதி, இட்லி அக்கா. நரேன் பாபுவின் வீட்டை ஒட்டி இறக்கிய கொட்டகையில் பதினோரு வருஷமாகச் சமைக்கிறாள். எட்டடிக்குப் பத்தடி. மூங்கில் கால், மூங்கில் பிளாச்சைப் பின்னிய தட்டிச் சுவர், மேலே தகரம். பத்து வருஷம் வாளி அடுப்பை வாசலில் வைத்தே ஓட்டிவிட்டாள். சாப்பிட வருகிறவர்கள் கூடக் கூட அது போதவில்லை. போன மாதம்தான் இரண்டு வாய் வைத்த பெரிய செங்கல் அடுப்பை உள்ளே போட்டார்கள்.

போட்டது அவள் கணவன் சிவலிங்கம். இடம் பார்த்ததும் அவர்தான். செல்போனில் திசைகாட்டியைத் திறந்து, கைத்தடியை ஊன்றிக்கொண்டு கொட்டகைக்குள் நாலு தடவை சுற்றி வந்து, தென்கிழக்கு மூலையில் நின்று, "இதான் அக்கினி மூலை. இங்கதான் அடுப்பு" என்றார். நம்மவர்கள் எந்த ஊருக்குப் போனாலும் அக்கினி மூலையைக் கூடவே எடுத்துப் போவார்கள் அல்லவா? கரக்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த சுலோசனாவும் மறு பேச்சுப் பேசவில்லை. அங்கே அவள் வீட்டிலும் அடுப்பு அந்த மூலையில்தான் இருந்தது. ஆனால் அந்த மூலைக்குச் செங்கல் சுவர் இருந்தது. இங்கே அடுப்புக்கும் தட்டிக்கும் நடுவே நாலு விரல் இடம்கூட இல்லை. அது அன்றைக்கு யார் கண்ணிலும் படவில்லை.

இந்தக் கொட்டகை போனால் என்ன, வேறு இடம் கிடைக்காதா என்று கேட்கலாம். அதற்குப் பன்னிரண்டு வருஷம் பின்னால் போக வேண்டும்.

சிவலிங்கம் ஸ்டுடியோவில் லைட்மேனாக இருந்தவர். உயரத்தில் விளக்கு மாட்டும் மரப்பரணிலிருந்து ஒரு நாள் கீழே விழுந்தார். உயிர் பிழைத்தது. முதுகு பிழைக்கவில்லை. யூனிட்டார் ஒரு சால்வை கொண்டுவந்து போர்த்திவிட்டுப் போனார்கள். அந்தச் சமயத்தில்தான் சால்ட் லேக்கிலிருந்து அவள் தம்பி சிவராஜ் வந்து இருவரையும் தன் வீட்டுக்கு அழைத்துப் போனான். அம்மா இறந்தபோது சிவராஜுக்கு ஆறு வயது, சுலோசனாவுக்குப் பதினாலு. அவனுக்குத் தலை சீவி, சோறு ஊட்டி, பாடம் சொல்லிக்கொடுத்து ஆளாக்கியவள் அவள். செக்டர் ஃபைவ் கம்பெனி ஒன்றில் அவனுக்கு வேலை கிடைத்த அன்று அவனைவிட அதிகம் அழுதவளும் அவள்தான்.

மூன்று மாதம் அங்கே இருந்தாள். சும்மா இருக்கப் பிடிக்காமல் சமையலைக் கையில் எடுத்துக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் வந்திருந்தார்கள். அவள் வடைத் தட்டோடு கூடத்துக்கு வந்தபோது ஒரு பெண்மணி யார் என்று கேட்க, தம்பி மனைவி தமிழரசி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "சமையலுக்கு வந்திருக்காங்க. கைப்பக்குவம் நல்லாயிருக்கும்."

சிவராஜ் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். அவன் காதில் அது விழுந்தது. அவன் வடையை எடுத்துக் கடித்தான்.

அவ்வளவுதான். மறுநாள் காலை, நடக்க முடியாத கணவனைத் தோளில் தாங்கி, பஸ் பிடித்து டாலிகஞ்சுக்கே திரும்பி வந்தவள் சுலோசனா. சமைத்துத்தான் பிழைக்க வேண்டும் என்றால் சமைக்கிறேன், ஆனால் என் அடுப்பில். இன்னொருத்தியின் அடுப்படியில் இல்லை. அன்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது இது. இப்போது நரேன் பாபு கேட்பது வெறும் அடுப்பையா?

சிவலிங்கமும் சும்மா இருக்கவில்லை. ஸ்டுடியோ நண்பர்களிடம் சொல்லி ஒரு பெரிய தகரத் தகடு வாங்கிவந்தார். அதை அடுப்புக்குப் பின்னால் தட்டியின்மேல் வைத்து, இடைவெளியே இல்லாமல் ஆணியடித்து இறுக்கினார்.

"தகரம் எரியுமா? எரியாது. இனிமே உங்க நரேன் பாபு வந்து விரலை நீட்டட்டும்."

பளபளவென்று இருந்தது. சுலோசனா அதில் தன் முகத்தைப் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டாள். அன்று வடை கூடுதலாக மொறுமொறுப்பாக வந்ததாகக்கூட அவளுக்குத் தோன்றியது.

மூன்றாம் நாள் பகல் பதினோரு மணிக்குத் தட்டியின் மறுபக்கத்திலிருந்து ஒரு கூச்சல்.

"இட்லி தீதி! இட்லியோட என்னையும் சேர்த்து வேக வைக்கிறியா?"

மேக்னாவின் குரல். தட்டிக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவள். ஸ்டுடியோ உடைகளைத் தைத்துக் கொடுக்கும் தையல்காரி. அவளுக்கு வாய் பெரியது, மனசும் அப்படியே.

"என்ன ஆச்சு, மேக்னா?"

"சுவர்ல மாட்டின ராஜா டிரஸ் சுடச்சுட இருக்கு! இஸ்திரியே வேண்டாம். வந்து பாரு. சீக்கிரம் வா, விளையாட்டில்ல!"

ஓடினாள். அந்தப் பக்கத்துத் தட்டியிலிருந்து நூல்போலப் புகை கிளம்பிக்கொண்டிருந்தது. திரும்பி ஓடிவந்து, கடப்பாரை நுனியைக் கொடுத்துத் தகரத்தை நெம்பிப் பிரித்தாள். பளபளத்த தகரத்துக்குப் பின்னால் தட்டி முழுக்கக் கரிக்கட்டையாகியிருந்தது. நடுவில் ஓரிடத்தில் சிவப்பாக ஒரு கண் திறந்து மூடியது. குடத்துத் தண்ணீர் முழுவதையும் வீசி அடித்தாள். புஸ்ஸென்று எழுந்த ஆவியில் நின்றுகொண்டு அவளால் மூச்சுவிட முடியவில்லை. மேக்னா வீட்டில் இல்லாத நேரமாக இருந்திருந்தால்?

நரேன் பாபு வந்தார். இந்த முறை கத்தவில்லை.

"மாசக் கடைசி வேண்டாம். ஐந்து நாள்ல சங்கராந்தி. அன்னிக்குக் காலையில சாவி என் கையில இருக்கணும்."

நமக்குப் பொங்கல், அவர்களுக்குப் பௌஷ் சங்கராந்தி. ஊரெல்லாம் அடுப்பு மூட்டிப் பொங்கும் நாளில் இவள் அடுப்பை அணைத்துவிட்டுப் போக வேண்டும்!

சாயங்காலம் சிவராஜின் போன் வந்தது.

"அக்கா, மாமா எல்லாம் சொன்னார். சங்கராந்தி லீவுதான் எனக்கு. காலையில காரோட வரேன். மாடி ரூம் காலியாத்தான் இருக்கு. சாமானைக் கட்டி வை."

போனை வைத்துவிட்டு அவள் கணவனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"நீங்களா கூப்பிட்டீங்க?"

"வேற என்ன வழி, சுலோ? நான் வச்ச மூலை, நான் அடிச்ச தகரம். பக்கத்து வீட்டுப் பொண்ணை உயிரோட கொளுத்தப் பார்த்தேன். போதும்டி. நான் ஒரு உதவாக்கரை."

"உதவாக்கரைன்னு நான் சொன்னேனா? பன்னிரண்டு வருஷத்துல ஒரு தடவை சொல்லியிருக்கேனா? ஆனா இதுக்கு அந்தப் பரண்லேர்ந்து என்னையும் சேர்த்துத் தள்ளியிருக்கலாம். அந்த வீட்டுக்கா? திரும்ப அந்தக் கூடத்துக்கா?"

அவர் அழுதார். அவள் அழவில்லை. பிரித்துப்போட்ட தகரத்தைக் காலால் புரட்டினாள். அவளுக்கு அது விளங்கவே இல்லை. எரியாத தகரம், அதன் முதுகில் இவ்வளவு கரி. முன்பு வெறும் தட்டியாக இருந்தபோது பழுப்பேறியதோடு நின்றதே!

"என்னங்க, ஒண்ணு கேக்கறேன். விளக்குக்கு முன்னால வெளிச்சத்தைக் குறைக்க வெள்ளைத் துணி கட்டுவீங்களே. ஒட்டிக் கட்டுவீங்களா, தள்ளிக் கட்டுவீங்களா?"

"தள்ளித்தான். ரெண்டு அடியாவது தள்ளி."

"ஏன்?"

"ஒட்டிக் கட்டினா துணி பத்திக்கும். அந்த லைட்டுக்கு இருக்கிற சூடு உனக்குத் தெரியாது. நடுவுல காத்து ஓடணும். காத்து ஓடினாத்தான் சூடு..."

பாதியில் நிறுத்திவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு தகரத்தைப் பார்த்தார். தட்டியைப் பார்த்தார்.

"ஐயோ," என்றார். "ஆணியடிச்சு ஒட்ட வச்சுட்டேனே. தகரம் வாங்கின சூட்டை அப்படியே தட்டிக்குக் குடுத்துட்டு இருந்திருக்கு."

"முப்பது வருஷம் துணியைத் தள்ளிக் கட்டின மனுஷன், என் அடுப்பை மட்டும் சுவரோட ஒட்ட வச்சிருக்கீங்க."

"அக்கினி மூலைடி அது..."

"அக்கினிக்கு ஏதுங்க மூலை? பத்திக்கிச்சுன்னா நாலு மூலையும் அக்கினி மூலைதான்!"

"அதுக்காக நடு வீட்டுலயா அடுப்பு வைக்கிறது? குடும்பத்துக்கு ஆகாதுன்னு சொல்லுவாங்க."

"இந்தக் குடும்பத்துக்கு இதுவரைக்கும் எது ஆச்சு? நீங்க விழுந்த அன்னிக்கு அடுப்பு எந்த மூலையில இருந்தது? சாமி கோவிச்சுக்கிட்டா என்கிட்ட வந்து கேக்கட்டும். ரெண்டு இட்லி வச்சுப் பதில் சொல்றேன்."

மறுநாள் விடிந்ததும் கடப்பாரையை எடுத்தாள். தன் கையால் மெழுகிப் பூசிய அடுப்பைத் தானே இடித்தாள். வாசலில் வரிசையில் நின்றவர்களிடம், "நாலு நாளைக்கு வாளி அடுப்புதான். இட்லி மட்டும்தான். வடை கேக்கறவங்க வீட்டுக்குப் போய்ப் பொண்டாட்டியைக் கேளுங்க" என்றாள்.

மேக்னா தன் தையல் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தாள். மூன்று பக்கமும் முப்பத்தாறு அங்குலம் தள்ளி அளந்து சுண்ணாம்பால் கோடு போட்டாள்.

"பெரிய பெரிய ஹீரோயினுக்கெல்லாம் அளவெடுத்த டேப் இது. உன் அடுப்பு மகாராணி பக்கத்துல ஒருத்தரும் நிக்கக் கூடாதோ?"

"ஒருத்தரும் கூடாது. விறகுகூடத் தள்ளித்தான் நிக்கணும்."

ஆனால் எட்டடிக் கொட்டகையில் நாலு பக்கமும் மூன்றடி விட முடியவில்லை. மேக்னாவின் பக்கம் ஒன்றரை அடிதான் மிஞ்சியது. அந்தப் பக்கத்துக்கு அதே தகரத்தை எடுத்தாள். இந்த முறை தட்டியில் ஆணியே இல்லை. இரண்டு இரும்புக் கம்பிகளைத் தரையில் ஊன்றி, தட்டியிலிருந்து ஒரு கை அகலம் தள்ளித் தகரத்தை நிறுத்தினாள். அடியிலும் மேலேயும் திறந்து விட்டாள். கீழே நுழைகிற காற்று சூட்டை வாரிக்கொண்டு மேலே போகட்டும். எரிந்த தட்டியைப் பிரித்துவிட்டுப் புதுத் தட்டி கட்டினாள்.

புகைக் குழாய்க்குத்தான் சிவலிங்கம் தேவைப்பட்டார். ஸ்டூலில் உட்கார்ந்தபடி கைத்தடியால் கூரையைக் காட்டிக் காட்டிச் சொன்னார். குழாய் போகும் இடத்தைச் சுற்றி ஒன்றரை அடிக்கு மூங்கிலே இருக்கக் கூடாது. அறுத்துவிட்டு இரும்புச் சட்டம் கொடு. குழாயைக் கூரைத் தகரத்துத் துளையில் இறுக்காதே. துளையை அகலமாக வெட்டி மேலே தகர மூடி போடு. உச்சியில் கம்பி வலை கட்டு, பொறி பறந்து அடுத்த வீட்டுக் கூரையில் விழக்கூடாது. செட் தச்சர்கள் இரண்டு பேர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து ஏறிச் செய்து கொடுத்தார்கள். பரணிலிருந்து விழுந்த நாளுக்குப் பிறகு சிவலிங்கம் நாலு பேருக்குக் கட்டளையிட்டது அன்றுதான். அவருடைய குரல் இத்தனை பெரியது என்பது சுலோசனாவுக்கே மறந்து போயிருந்தது.

செங்கல்லை அவளே வைத்தாள். மண்ணை அவளே மிதித்தாள். மார்கழிக் குளிரில் கால் மரத்தது. ஈர அடுப்பு வெடிக்காமலிருக்க இரண்டு நாள் சுள்ளி வைத்துச் சின்னத் தீயில் காய வைத்தாள். போகிற வருகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்து, நடு வீட்டில் நிற்கும் அடுப்பைக் கேலி செய்தார்கள். "கல்யாண மண்டபமா தீதி? சுத்தி வந்து தாலி கட்டலாமா?" என்றான் ஒருவன். "கட்டு, முதல்ல பழைய பாக்கியைக் குடுத்துட்டு வா" என்றாள்.

சங்கராந்தி வந்தது. காலை ஆறு மணிக்கு அடுப்பை மூட்டிவிட்டாள். ஒன்பது மணிக்கு நரேன் பாபு சால்வையும் குரங்குக் குல்லாயுமாக வந்து வாசலில் கையை நீட்டினார்.

"சாவி."

"தரேன். அதுக்கு முன்னால உள்ள வாங்க. மூணு மணி நேரமா எரியுது. உங்க கையை எங்க வேணும்னாலும் வைங்க. ஒரு இடத்துல சுட்டாலும் சாவி உங்களுது. நானே மூட்டையைத் தூக்கிட்டுப் போறேன்."

அவர் உள்ளே வந்தார். நடுவில் நின்ற அடுப்பைப் பார்த்துத் திகைத்தார். பிறகு அவளை நம்பாதவர்போல, விறகுக் குவியலிலேயே பெரிய இரண்டு கட்டைகளைத் தேர்ந்தெடுத்து, கொண்டுவந்து தானே அடுப்புக்குள் தள்ளினார். தீ ஓங்கியது. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அரை மணி போனது. சிவலிங்கம் வாய்க்குள் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சுலோசனா வடை தட்டினாள்.

நரேன் பாபு எழுந்தார். குளிருக்குப் போட்டிருந்த கையுறையைக் கழற்றினார். தகரத்தைத் தொடப் போய்ச் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். சுட்டது!

"அது சுடும்," என்றாள் சுலோசனா. "அது வாங்கிக்கத்தான் நிக்குது. பின்னால இருக்கிற தட்டியைத் தொடுங்க."

இடைவெளிக்குள் கையை விட்டுத் தட்டியில் உள்ளங்கையைப் பதித்தார். எடுக்கவே இல்லை. பத்து எண்ணும் நேரம் ஆனது. பிறகு வெளியே போய் மேக்னாவின் வீட்டுக்குள் நுழைந்து அந்தப் பக்கமும் தொட்டார். மேக்னா சொன்னது இங்கே வரை கேட்டது. "நல்லாத் தடவிப் பாருங்க நரேன் தாதா. வேணும்னா கன்னத்தை வைங்க. ஜில்லுனு இருக்கும்." திரும்பி வந்து ஸ்டூலில் ஏறி, கூரைத் துளையைச் சுற்றி அறுத்த மூங்கில் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். கடைசியாகச் சாம்பல் எங்கே என்று கேட்டார். வெளியே மூடி போட்ட தகர டின்னைக் காட்டினாள். பக்கத்தில் இரண்டு வாளி மணல்.

நரேன் பாபு இறங்கி வந்தார். "அப்பா இந்த வீட்டை ராத்திரி பகலா நின்னு கட்டினார்னு அம்மா சொல்லுவா," என்றார். "எனக்கு ஒவ்வொரு குளிர்காலமும் பயம்தான்."

"பயப்படுங்க, தாதா. வாரத்துக்கு ஒரு தடவை வந்து தொட்டுப் பாருங்க, நான் தடுக்க மாட்டேன். ஆனா போகச் சொல்லாதீங்க. இனிமே போகச் சொல்ல மாட்டேன்னு இங்க எல்லார் முன்னாலயும் சொல்லுங்க. காகிதத்துலதான் உங்களால எழுத முடியாது. வாயால சொல்லலாம் இல்ல?"

வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த லைட்மேன்கள் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். நரேன் பாபு அவர்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இருங்க," என்றார். "அடுப்பு இப்படியே இருக்கிற வரைக்கும் நீங்களும் இருங்க."

அந்த நேரத்தில்தான் சந்து முனையில் கார் வந்து நின்றது. சிவராஜ் இறங்கி வந்தான். உச்சந்தலையில் வழுக்கை விழுந்திருந்தது. அந்தத் தலையைச் சீவிவிட்ட கை ஒரு நொடி கரண்டியோடு நின்றது.

"அக்கா, ரெடியா? சாமான் எங்க?"

"கட்டலடா."

"மாமா போன்ல அழுதாரே!"

"அழுதார். அப்புறம் தச்சனுங்களை அதட்டி அந்தக் குழாயைப் போட வச்சார்."

"பிடிவாதம் பிடிக்காதே அக்கா. இந்த மூங்கில் கொட்டகையை நம்பி... தமிழரசி ரூமெல்லாம் பெருக்கித் துடைச்சு வச்சிருக்கா."

"அவளுக்கு நன்றி சொல்லு. அந்த ரூம்ல உன் புஸ்தகத்தை அடுக்கி வச்சுக்கோ. நான் வரலை. இன்னிக்கும் வரலை, என்னிக்கும் வரலை."

சிவராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவன் கண் கலங்கியது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அந்தக் கூடத்தில் சொல்லாமல் விட்டது உதடு வரை வந்துவிட்டதுபோல இருந்தது. ஆனால் அவன் கேட்டது வேறு.

"மறுபடியும் ஏதாவது ஆச்சுன்னா? மறுபடி கருகிச்சுன்னா என்ன பண்ணுவே?"

"மறுபடி இடிப்பேன். இன்னும் ஒரு அடி தள்ளிக் கட்டுவேன்."

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தான். ஸ்டுடியோ ஆட்கள் காலை ஷிப்டுக்கு முன்னால் சாப்பிடும் நேரம். சந்தில் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். சுலோசனா பொங்கல் பானையின் மூடியைத் திறந்து, நெய்யை ஊற்றி, அடி வரை கரண்டியை விட்டுக் கிளறினாள்.

"நல்ல நாளும் அதுவுமா வெறும் வயித்தோட வந்திருக்கே. பெஞ்சுல தள்ளி உக்காரு, தட்டு தரேன். சாப்பிட்டுட்டு கிளம்பு. எனக்கு வேலை இருக்கு."